வலி போய்விட்டது, கடிக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 23. மேல்வரிசையில் நடுப்பற்களுக்கு இரு பக்கமும் வர வேண்டிய பற்கள் முளைக்கவே இல்லை. மூன்று வாரத்துக்கு முன் எலும்புத்தூள் வைத்து இம்ப்ளான்ட் பொருத்தினார்கள். இப்போது வலி, வீக்கம் எதுவும் இல்லை. பழையபடி சாப்பிடலாமா? 14 வயதுத் தம்பிக்கும் இதே குறைதான், அவனுக்கும் இப்போதே செய்துவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். ஈறு ஆறுவது வேறு, எலும்பு பிடிப்பது வேறு. இம்ப்ளான்ட் என்பது பல்வேருக்குப் பதிலாகத் தாடை எலும்பில் முறுக்கும் டைட்டானியத் திருகு. பொருத்திய அன்று அது முறுக்கிய இறுக்கத்தில்தான் நிற்கிறது. அப்புறம் சுற்றியுள்ள எலும்பு கொஞ்சம் கரைந்து புது எலும்பு டைட்டானியத்தின் மேல் வளர வேண்டும், பழையது போய்ப் புதியது இன்னும் கெட்டிப்படாத இந்த மூன்றாவது, நான்காவது வாரத்தில்தான் பிடிமானம் குறைவாக இருக்கும். வலி தெரியாததால் பலரும் இப்போதுதான் கடித்துப் பார்க்கிறார்கள். முழுதாகப் பிடிக்க 3 முதல் 6 மாதம் ஆகும். பல் வளரும்போதுதான் அதைத் தாங்கும் எலும்பும் வளர்கிறது, அதனால் பல்லே உருவாகாத இடத்தில் எலும்பு மெலிந்திருக்கும். உங்களுக்கு எலும்புத்தூள் வைத்ததும் அதனால்தான். டாக்டர் இன்னும் கூடுதலாகக் காத்திருக்கச் சொன்னால் தயவுசெய்து கேளுங்கள்.

கழற்றி மாட்டும் தற்காலிகப் பல் இருந்தால், கழற்றியதும் கண்ணாடியில் ஈறைப் பாருங்கள். வெளுத்தோ, தடம் பதிந்தோ இருந்தால் அது அழுத்துகிறது என்று பொருள். அடிப்பக்கத்தைத் தேய்த்துக் குறைக்கச் சொல்லுங்கள். வலி திரும்பினாலோ, சீழ் வந்தாலோ, இம்ப்ளான்ட் லேசாக ஆடினாலோ அன்றைக்கே போய்க் காட்டிவிடுங்கள்.

பொறுத்திருந்தால் பலன் உண்டு. 1965-ல் ஸ்வீடனில் டாக்டர் பிரனெமார்க் டைட்டானியம் இம்ப்ளான்ட் பொருத்திய முதல் நோயாளி யோஸ்தா லார்சனுக்கும் பிறவியிலேயே சில பற்கள் இல்லை. 2006-ல் அவர் இறக்கும்வரை அந்த இம்ப்ளான்ட்கள் உழைத்தன.

தம்பிக்கு இப்போது வேண்டாம். தாடை வளர வளர பக்கத்துப் பற்கள் அதோடு சேர்ந்து இறங்கும், எலும்போடு ஒட்டிவிட்ட இம்ப்ளான்ட் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும், சில வருடத்தில் அந்தப் பல் குட்டையாக, மேலே ஏறியது மாதிரி தெரியும். பையன்களுக்குப் பெரும்பாலும் 20 வயதாவது தாண்ட வேண்டும். அப்போதும் சில மாத இடைவெளியில் எடுத்த எக்ஸ்ரேக்களை ஒப்பிட்டு, வளர்ச்சி நின்றதை உறுதி செய்துகொள்வது நல்லது. அதுவரை கிளிப் போட்டு இடத்தைச் சரிசெய்து, பக்கத்துப் பல்லின் பின்புறம் ஒட்டும் தற்காலிகப் பல் வைக்கலாம். சிலருக்குக் கோரைப்பல்லையே அந்த இடத்துக்கு நகர்த்தி, அதைச் செதுக்கி வடிவம் மாற்றினால் இம்ப்ளான்ட்டே தேவைப்படாது. கிளிப் போடும் டாக்டரிடம் முதலில் அதைக் கேளுங்கள்.