அமெரிக்கப் பழமைவாதக் கிறிஸ்தவர்கள் இஸ்ரேலை இவ்வளவு தீவிரமாக ஆதரிப்பது ஏன்? இப்போது அவர்களுக்குள்ளேயே சண்டை எதற்கு?

"வேதாகமத்தில் இருக்கிறது, அதனால் ஆதரிக்கிறார்கள்" என்று சிலர் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். "எல்லாம் ஓட்டு அரசியல்" என்பார்கள் வேறு சிலர். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இந்தக் கூட்டணியைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்குப் பட்டது வேறு. கதையின் கடைசி அத்தியாயத்தை, அதாவது உலக முடிவில் யூதர்களுக்கு என்ன ஆகும் என்பதைப் பற்றிப் பேசுவதில்லை என்று இந்தக் கிறிஸ்தவர்களும் இஸ்ரேல் தரப்பும் மனதுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு இது. யாராவது அந்த அத்தியாயத்தைச் சத்தமாக வாசித்துவிட்டால் உடனே தகராறு வருகிறது.

அந்த அத்தியாயத்துக்கு இன்றைய வடிவம் கொடுத்தவர் ஜான் நெல்சன் டார்பி. அயர்லாந்தில் ஆங்கிலிக்கன் குருவாக இருந்து, சபையை விட்டு வெளியேறி, 1830-களில் சகோதர சபை இயக்கத்தின் முக்கிய போதகரானவர். கடவுளுக்கு இஸ்ரவேலைக் குறித்து ஒரு திட்டம், சபையைக் குறித்து இன்னொரு திட்டம், இரண்டையும் குழப்பக்கூடாது என்பது அவர் போதனை. சபை, அதாவது கிறிஸ்தவ விசுவாசிகள், முதலில் மேகத்தில் எடுத்துக்கொள்ளப்படும், பிறகு பெருந்துன்பங்களின் உபத்திரவ காலம், கிறிஸ்துவின் எதிரியான அந்திக்கிறிஸ்து, அர்மகெதோன் என்ற இறுதிப் போர், அதன்பின் கிறிஸ்துவின் ஆயிர வருட அரசாட்சி. இந்த வரிசை நடந்தேற யூதர்கள் தங்கள் தேசத்தில் இருந்தாக வேண்டும். முடிவில் அவர்கள் இயேசுவை ஏற்றாக வேண்டும், ஏற்காதவர்களுக்கு இரட்சிப்பு இல்லை; சங்கடமான கடைசி அத்தியாயம் இதுதான்.

இது அமெரிக்காவில் வீடு வீடாகப் புகுந்தது 1909-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட ஸ்கோஃபீல்டு வேதாகமத்தின் வழியாக. மேலே வசனம், அதே பக்கத்தின் கீழே பொடி எழுத்தில் ஸ்கோஃபீல்டு என்ற அமெரிக்கப் போதகரின் விளக்கம். தலைமுறை தலைமுறையாக அதையே புரட்டியவர்களுக்கு வசனம் எங்கே முடிகிறது, விளக்கம் எங்கே தொடங்குகிறது என்பதே மறந்துபோயிற்று.

நமக்கும் இது அந்நியமில்லை. டார்பியின் ஆரம்பகாலச் சகாக்களில் ஒருவரான அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் 1833-இல் இந்தியாவுக்கு வந்தார். நெல்லைச் சீமையைச் சேர்ந்த ஜான் அருளப்பன் அவரால் ஊக்கம் பெற்று ஊழியம் செய்தவர். நான் சிறுவயதில் போன கன்வென்ஷன் கூட்டங்களில் மேடைக்குப் பின்னால் ஒரு நீளமான துணிப்படம் தொங்கும். இடது ஓரத்தில் ஏதேன் தோட்டம், வலது ஓரத்தில் அக்கினிக் கடல், நடுவில் வட்டம் வட்டமாகக் காலங்கள். பிரசங்கியார் மூங்கில் குச்சியால் ஒவ்வொரு வட்டமாகத் தட்டிக்கொண்டே வந்து, கடைசிக்கு முந்தைய வட்டத்தில் குச்சியை நிறுத்தி, "நாம் இங்கே இருக்கிறோம்" என்பார். டெக்சாஸிலும் இதே படம்தான், இதே குச்சிதான். அங்கே கூட்டம் முடிந்து வெளியே வருகிறவர் கையில் அமெரிக்க ஓட்டுச்சீட்டு இருக்கிறது என்பது மட்டுமே வித்தியாசம்.

இந்த நம்பிக்கை அரசியல் ஆனது எப்போது? 1891-இலேயே சிகாகோவைச் சேர்ந்த வில்லியம் பிளாக்ஸ்டோன் என்ற மெதடிஸ்ட் விசுவாசி, பாலஸ்தீனத்தை யூதர்களுக்குக் கொடுக்க உதவ வேண்டும் என்று ஜனாதிபதி பெஞ்சமின் ஹாரிசனுக்கு மனு கொடுத்தார். ராக்ஃபெல்லர், ஜே.பி. மார்கன் உட்பட 413 பேர் கையெழுத்து. யூதர்களுக்குத் தனி நாடு வேண்டும் என்ற சியோனிச இயக்கத்தின் தலைவர் ஹெர்ஸல், சுவிட்சர்லாந்தின் பாசலில் அதன் முதல் மாநாட்டைக் கூட்டியது அதற்கு ஆறு ஆண்டுகள் கழித்துத்தான். என்றாலும் இன்று நாம் காணும் கட்சிக் கூட்டணி 1967 போருக்குப் பின் உருவானது. எருசலேம் முழுவதும் இஸ்ரேல் கைக்கு வந்ததைத் தீர்க்கதரிசன நிறைவேறுதலாகக் கண்டவர்கள் ஏராளம். 1979-இல் பாப்டிஸ்ட் போதகர் ஜெர்ரி ஃபால்வெல் 'மாரல் மெஜாரிட்டி' என்ற அரசியல் அமைப்பைத் தொடங்கியபோது கருக்கலைப்பு எதிர்ப்போடு இஸ்ரேல் ஆதரவும் அதன் கொள்கையாயிற்று. அடுத்த ஆண்டே இஸ்ரேலியப் பிரதமர் மெனாஹெம் பெகின் அவருக்கு, சியோனிசத் தலைவர் ஜபோடின்ஸ்கி பெயரிலான விருதைக் கொடுத்தார்.

அதே 1980-இல், அப்போது ஜனாதிபதி வேட்பாளராக இருந்த ரீகன் வந்து பேசிய டல்லஸ் கூட்டத்தில், தென் பாப்டிஸ்ட் சபைகளின் தலைவர் பெய்லி ஸ்மித், சர்வவல்லமையுள்ள கடவுள் யூதனின் ஜெபத்தைக் கேட்பதில்லை என்றார். பெரும் கொந்தளிப்பு எழுந்தது. பிறகு எல்லாரும் சமாதானமாகிவிட்டார்கள்.

இதே நாடகம் திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோவின் போதகர் ஜான் ஹேகி 2006-இல் இஸ்ரேலுக்கான ஐக்கிய கிறிஸ்தவர்கள் அமைப்பைத் தொடங்கினார். எரேமியா 16:16-இல் வரும் 'வேடர்' ஹிட்லர்தான், யூதர்களைத் தேசத்துக்குத் திருப்பவே கடவுள் அவன் செய்த யூதப் படுகொலையை அனுமதித்தார் என்ற பொருளில் அவர் முன்பு செய்த பிரசங்கம் 2008-இல் வெளிச்சத்துக்கு வந்தது. குடியரசுக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் ஜான் மெக்கெய்ன் அவருடைய தேர்தல் ஆதரவையே வேண்டாம் என்று உதறினார். பத்து ஆண்டுகள் கழித்து, 2018 மே 14 அன்று எருசலேமில் அமெரிக்கத் தூதரகம் திறக்கப்பட்டபோது நிறைவு ஜெபம் செய்தவர் அதே ஹேகி. தொடக்க ஜெபம் செய்தவர், இயேசுவை ஏற்காத யூதருக்கு இரட்சிப்பு இல்லை என்று போதித்த ராபர்ட் ஜெஃப்ரஸ். அன்று காசா எல்லை வேலியருகே சுமார் 60 பாலஸ்தீனர்கள் கொல்லப்பட்டார்கள்.

இந்தக் கிறிஸ்தவர்கள் தங்களைப் பற்றி என்ன நம்புகிறார்கள் என்று யூதர்களுக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். நன்றாகவே தெரியும். மேசியா வரட்டும், வந்தபின் யார் சொன்னது சரி என்று அவரிடமே கேட்டுக்கொள்வோம் என்பது இஸ்ரேலிய வலதுசாரிகளின் பழைய சமாதானம். அமெரிக்க யூதர்கள் அப்படி எடுத்துக்கொள்வதில்லை. அவர்களில் பெரும்பாலோர் ஜனநாயகக் கட்சிக்கு ஓட்டளிப்பவர்கள், கருக்கலைப்பு உரிமையை ஆதரிப்பவர்கள். இஸ்ரேலைக் கடவுள் யூதர்களுக்குக் கொடுத்தார் என்று நம்புவோர், நாம் பேசும் பழமைவாதக் கிறிஸ்தவர்களான வெள்ளை இவாஞ்சலிக்கல்களில் 82 சதவீதம், அமெரிக்க யூதர்களில் 40 சதவீதம் என்றது பியூ ஆய்வு மையத்தின் 2013 ஆய்வு. அமெரிக்காவுக்கான இஸ்ரேலின் முன்னாள் தூதர் ரான் டெர்மர் 2021-இல், அமெரிக்காவில் இஸ்ரேல் ஆதரவின் முதுகெலும்பு இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்களே என்று வெளிப்படையாகச் சொன்னபோது அமெரிக்க யூதர்கள் பலருக்குக் கோபம் வந்தது. வராமல் என்ன செய்யும்?

இந்தக் கணக்கில் சேராமலே போனவர்கள் பாலஸ்தீனக் கிறிஸ்தவர்கள். அங்குள்ள கத்தோலிக்கத் தலைவரான லத்தீன் பேட்ரியார்க் மிஷேல் சப்பா உள்ளிட்ட எருசலேமின் நான்கு சபைத் தலைவர்கள் 2006-இலேயே, இஸ்ரேலை வேதாகமத்தின் பெயரால் ஆதரிக்கும் கிறிஸ்தவ சியோனிசம் தவறான போதனை என்று கூட்டாக அறிக்கை விட்டார்கள். அமெரிக்க மெகா சபைகளில் அதை யாரும் சட்டை செய்ததாகத் தெரியவில்லை. 2023 டிசம்பரில் பெத்லகேம் லூத்தரன் சபை கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பதிலாகக் கான்கிரீட் துண்டுகளைக் குவித்து, பாலஸ்தீனர்களின் கட்டம்போட்ட கஃபியே துணி சுற்றிய குழந்தை இயேசுவை அதன் நடுவே கிடத்தியது. போதகர் முன்தர் ஐசக்கின் பேச்சு உலகம் முழுவதும் பரவியது. அமெரிக்க இளம் கிறிஸ்தவர்கள் பலர் பெத்லகேமில் கிறிஸ்தவர்கள் வாழ்கிறார்கள் என்பதை அப்போதுதான் கவனித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

இப்போதைய சண்டைக்கு வருவோம். 2025 ஜூனில் குடியரசுக் கட்சி செனட்டர் டெட் குரூஸை, வலதுசாரி ஊடகவியலாளர் டக்கர் கார்ல்சன் பேட்டி எடுத்தார். இஸ்ரேலை ஆசீர்வதிக்கிறவர்கள் ஆசீர்வதிக்கப்படுவார்கள் என்று ஞாயிறு பள்ளியில் கற்றேன் என்றார் குரூஸ். அது வேதாகமத்தில் எங்கே இருக்கிறது, அது இன்றைய அரசாங்கத்தைக் குறிக்கிறதா என்று விடாமல் கேட்டார் கார்ல்சன். எந்த அதிகாரம், எந்த வசனம் என்பது குரூஸுக்கு நினைவுக்கு வரவில்லை. ஆதியாகமம் 12:3 அது, ஆபிரகாமிடம் சொல்லப்பட்டது. கிறிஸ்துவினுடையவர்களே ஆபிரகாமின் சந்ததி என்று கலாத்தியர் 3:29-ஐக் காட்டி, அந்த ஆசீர்வாதம் இன்றைய இஸ்ரேலைக் குறிக்காது என்பது, சீர்திருத்தவாதி கால்வின் வழி வந்த சபைகளின் பழைய வாதம். ஆகவே இது இடதுசாரிகள் கிளப்பிய கேள்வி இல்லை; அடித்தளமே வலதுசாரி வீட்டுக்குள்ளிருந்து தோண்டப்படுகிறது. முன்பெல்லாம் கடைசி அத்தியாயம்தான் சங்கடம், இப்போது முதல் வசனமே சர்ச்சையாகிவிட்டது.

ஓர் எச்சரிக்கை. இந்தப் புதிய எதிர்ப்பாளர்களில் காசாவின் பிள்ளைகளுக்காக மனம் கசிந்தவர்களும் உண்டு, பழைய யூத வெறுப்புக்குப் புதுச் சட்டை மாட்டியவர்களும் உண்டு. பின்னவர்களின் கைத்தட்டலில் பாலஸ்தீனர்களுக்கு எந்த நன்மையும் இல்லை.

கூட்டணி உடைந்துவிடுமா? நாளைக்கே உடையாது. டிரம்ப் எருசலேமுக்குத் தூதராக அனுப்பியவர் மைக் ஹக்கபி, பாப்டிஸ்ட் போதகர், அசைக்க முடியாத இஸ்ரேல் ஆதரவாளர். ஆனால் 2025 ஜூலையில் அவரே, கிறிஸ்தவ அமைப்புகளுக்கு விசா தாமதிக்கிறீர்கள், இப்படியே போனால் இஸ்ரேல் கிறிஸ்தவர்களை வரவேற்பதில்லை என்று அமெரிக்க மக்களிடம் சொல்ல வேண்டிவரும் என்று இஸ்ரேலிய உள்துறை அமைச்சருக்குக் காட்டமாகக் கடிதம் எழுதினார். சில நாட்களில் விசாப் பிரச்சினை தீர்ந்தது.