வறுப்பதா, பொரிப்பதா, வதக்குவதா?

கேள்வி: ஆங்கிலச் சமையல் குறிப்பில் 'ஃப்ரை' என்று வந்தால் வறுப்பதா, பொரிப்பதா?

அந்த ஒரு சொல்லை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. சூடான எண்ணெயிலோ கொழுப்பிலோ எதைச் சமைத்தாலும் ஆங்கிலத்தில் 'ஃப்ரை'தான். நாம் அப்படியா? அப்பளத்தைப் பொரிக்கிறோம், வெங்காயத்தை வதக்குகிறோம், கடுகைத் தாளிக்கிறோம். சட்டி நிறைய எண்ணெயில் போட்டாலும் வடையைச் 'சுடுகிறோம்'!

அதனால் முதலில் எண்ணெய் எவ்வளவு என்று பாருங்கள். 'டீப் ஃப்ரை' என்றால் எண்ணெயில் முங்க வேண்டும். பெரும்பாலும் 175 முதல் 190 டிகிரி செல்சியஸ் சூடு சொல்லியிருப்பார்கள். அது பொரிப்பது. 'ஷாலோ ஃப்ரை' என்றால் கொஞ்ச எண்ணெயில் திருப்பித் திருப்பிப் போடுவது, தோசைக்கல்லில் மீன் வறுக்கிறோமே, அது மாதிரி. குழம்புக்கு ஒரு கரண்டி எண்ணெயில் வெங்காயத்தை 'ஃப்ரை' செய்யச் சொன்னால், வதக்குங்கள். மொழிபெயர்த்த குறிப்புகளில் அந்த இடத்தில் 'வறுக்கவும்' என்று பார்த்தால் எனக்கு மனசு ஆறாது. படிப்பவர் அதை நம்பி, பிரியாணிக்கு வறுப்பதுபோல முறுகவிட்டால் குழம்பின் ருசியே மாறிவிடும்.

வெறும் சட்டியில் மல்லி, மிளகாய் வறுப்பதற்குப் பெரும்பாலும் 'ட்ரை ரோஸ்ட்' என்று எழுதுவார்கள். நம் 'வறு' எண்ணெய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொருந்தும். குழப்பம் வருவது அங்கேதான்.

கேள்வி: 'சாட்டே' என்றால் வதக்குவதுதானே?

கிட்டத்தட்ட. 'குதிப்பது' என்று பொருள்படும் பிரெஞ்சு வினையிலிருந்து வந்த சொல் அது. சட்டி நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும்; குலுக்கினால் காய் எகிறி விழ வேண்டும். ஓரம் சிவக்கும், உள்ளே கடிபடும். சட்டி நிறையக் கொட்டிவிட்டால் காய் நீர் விட்டு, அந்த நீரிலேயே வெந்துபோகும்.

'வதங்கு' என்ற சொல்லிலோ வாடித் துவளும் பொருள் இருக்கிறது. சின்னத் தீயில் ஒரு சிட்டிகை உப்போடு வெங்காயத்தைப் போட்டுப் பாருங்கள்: முதலில் பளபளக்கும், அப்புறம் நீர் கசியும், விளிம்பு தளர்ந்து கண்ணாடிபோல ஆகும். இதற்கு ஆங்கிலத்தில் தனிச்சொல்லே உண்டு: 'ஸ்வெட்', அதாவது வியர்க்க விடுவது.

கேள்வி: யாழ்ப்பாணத் தோழி எண்ணெயில் பொரித்த கத்தரிக்காயைப் 'பொரியல்' என்கிறாள். சரியா?

முழுக்கச் சரி. அங்கே பொரியல் என்றால் பொரித்ததுதான். தமிழ்நாட்டில்தான் வதக்கித் தேங்காய் தூவியதற்கும் அந்தப் பெயர்.

கேள்வி: ஆஃப் பாயிலுக்கு ஆங்கிலத்தில் என்ன?

'ஃப்ரைடு எக்', இன்னும் சரியாகச் சொன்னால் 'சன்னி சைடு அப்'. வெளிநாட்டில் ஆஃப் பாயில் கேட்டால் அரைவேக்காடாக அவித்த முட்டைதான் வரும்.

கேள்வி: முக்கியமில்லாத ஆளை ஆங்கிலத்தில் 'ஸ்மால் ஃப்ரை' என்பதற்கும் பொரிப்பதற்கும் தொடர்பு உண்டா?

இல்லை. இந்த 'ஃப்ரை' வேறு வேரிலிருந்து வந்தது. மீன்குஞ்சு என்று பொருள்.