ஓடையில் அயிரை போய் ஜிலேபி வந்தது ஏன்?

கேள்வி: தொண்டாமுத்தூர் பக்கம் எனக்கு நாலு ஏக்கர், வாழையும் பாக்கும். தோட்டத்தை ஒட்டி, மலையிலிருந்து இறங்கி நொய்யலுக்குப் போகும் ஓடை ஒன்று இருக்கிறது. இருபது வருடத்துக்கு முன்பு துண்டை விரித்துப் பிடித்தாலே அயிரை, கெண்டைப்பொடி, ஆரால் எல்லாம் கிடைக்கும். இப்போது ஜிலேபி மீனும் (திலாப்பியா) கப்பியும்தான். மேலே வந்திருக்கும் வீட்டுமனைகளின் சாக்கடைதான் காரணம் என்கிறேன் நான். நாம் அடிக்கும் மருந்தும் போடும் உரமும்தான் என்கிறாள் மகள். யார் சொல்வது சரி? குஞ்சு வாங்கி விட்டால் பழையபடி மீன் வருமா?

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரிதான். ஆனால் சாக்கடை கெடுக்கும் விதம் வேறு, விவசாயம் கெடுக்கும் விதம் வேறு. சாக்கடை தண்ணீரையே கெடுக்கிறது. விவசாயம் முதலில் ஓடையின் கரையையும் தரையையும் கெடுக்கிறது.

எந்த மீன் மிஞ்சியிருக்கிறது என்பதிலேயே பாதி பதில் இருக்கிறது. ஜிலேபி, முட்டையை வாயில் வைத்துக் காப்பாற்றும். கப்பி முட்டையே இடாது, குட்டி போடும். ஓடையின் தரை எப்படிக் கிடந்தாலும் இரண்டுக்கும் கவலை இல்லை. அயிரையும் கெண்டை வகைகளும் அப்படி இல்லை. முட்டையைச் செடியிலும் மணலிலும் விட்டுவிட்டுப் போய்விடும். அதன்மேல் வண்டல் படிந்தால் கரு மூச்சு முட்டிச் செத்துப்போகும். அயிரைக்கு வீடே மணல்தான். அதற்குள் புதைந்து, அங்கிருக்கும் சின்னப் புழுக்களைத் தின்று வாழ்கிற மீன். கரை ஓரம் வரை உழுது, களைக்கொல்லி அடித்துப் புல்லையும் கருக்கிவிட்டால், ஒவ்வொரு மழைக்கும் உங்கள் மேல்மண் நேராக அந்த மணலுக்குள் இறங்கும்.

நிழலும் போய்விட்டது, தண்ணீர் சூடாகிறது. 25 டிகிரி சூட்டில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 8.2 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைத்திருக்கும். 30 டிகிரியில் 7.5தான். அதனுடன் யூரியாவும் வந்து சேர்ந்தால் பாசி கொழுக்கும். பகலில் பாசி ஆக்சிஜன் தரும், ராத்திரியில் அதுவே உறிஞ்சும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளப்பதைப் பார்த்திருப்பீர்கள். சாக்கடை கலந்த தண்ணீரிலும் இதேதான் நடக்கும், கூடவே அம்மோனியாவும் சேரும். விரால், குறவை போல வெளிக்காற்றைச் சுவாசிக்கத் தெரிந்தவை தாக்குப்பிடிக்கும். மற்றவை முடியாமல் போய்விடும்.

மருந்து விஷயத்தில் உங்கள் மகள் பக்கம்தான் நான். சைபர்மெத்ரின் போன்ற பூச்சி மருந்துகள் மனிதனைவிட மீனுக்குப் பல மடங்கு கொடியவை. லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் இருந்தாலே மீன் சாகும். 10 சதவீத மருந்தை லிட்டருக்கு 1 மில்லி கலக்குகிறீர்கள் என்று வையுங்கள். அடித்து முடித்தபின் டேங்கின் அடியில் 100 மில்லி மிச்சம். அதில் 10 மில்லிகிராம் விஷம் இருக்கிறது. சுமார் 2,000 லிட்டர் ஓடைத் தண்ணீரை மீனுக்கு ஆகாததாக்க அது போதும். டேங்கை ஓடையில் கழுவுகிற பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். கழுவிய தண்ணீரை வாழைக்கு நடுவிலேயே, ஓடையை விட்டுத் தள்ளி, தெளித்துவிடுங்கள்.

சரி, உங்கள் ஓடையில் எது அதிகம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு நாள் விடியலில் மகளையும் கூட்டிக்கொண்டு மேலே நடங்கள். வீட்டுமனைகளுக்கு மேலே ஓரிடம், அதற்கும் உங்கள் தோட்டத்துக்கும் நடுவே ஓரிடம், தோட்டத்துக்குக் கீழே ஓரிடம். மூன்றிலும் நாலைந்து கல்லைப் புரட்டிப் பாருங்கள். கல்லின் அடியில் கால் முளைத்த பூச்சிக் குஞ்சுகள் பல வகை ஓடினால் தண்ணீர் நன்றாக இருக்கிறது. சேற்றில் நூல் போன்ற சிவப்புப் புழுக்கள் மட்டும் நெளிந்தால் ஆக்சிஜன் போய்விட்டது. மேலிடம் நன்றாக இருந்து, நடுவிடத்திலேயே சிவப்புப் புழு வந்துவிட்டால் சாக்கடைதான் முதல் காரணம். தேதியோடு படம் எடுத்து ஊராட்சிக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் எழுதிக் கொடுங்கள்; தனியாக வேண்டாம், ஓடைக்கரைக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள்.

இதைத் தள்ளிப்போடாதீர்கள். நொய்யல் கீழே என்ன ஆனது என்று உங்களுக்கே தெரியும். 1992-இல் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவுதான் தேங்கியது. அந்த நிலையில் ஒரு விவசாயி தன் கரையில் மட்டும் என்ன செய்தாலும் போதாது. உங்கள் ஓடை அந்த நிலைக்குப் போகவில்லை.

அடுத்து உங்கள் பக்கம். ஓடையை ஒட்டிப் பத்தடியாவது உழாமல் விடுங்கள், முடிந்தால் முப்பதடி. நாலு ஏக்கரில் அது பெரிய இழப்புதான், தெரியும். ஆனால் மழைக்குக் கரை அரித்துப் போகிற மண்ணையும் கணக்கில் சேருங்கள். நீர்மருது, நாவல் வையுங்கள். தண்ணீர் ஓரமாக நொச்சியும் வெட்டிவேரும். நொச்சியை ஆடு கடிக்காது. யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் போடுங்கள், மழை வருகிற அறிகுறி தெரிந்தால் நிறுத்திவையுங்கள்.

குஞ்சு வாங்கி விடவே வேண்டாம். பண்ணையில் பெரும்பாலும் கிடைப்பது கட்லா, ரோகு, ஜிலேபி. ஓடை மீன் அங்கே கிடைப்பது அரிது. தரை சரியாகாத ஓடையில் எதை விட்டாலும் வீண். ஆப்பிரிக்கக் கெளுத்தி தருகிறேன் என்று யாராவது வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். அதை வளர்க்கவே நம் நாட்டில் தடை இருக்கிறது, கிடைத்த மீனையெல்லாம் விழுங்கிவிடும். ஜிலேபியும் அப்படித்தான் 1952-இல் வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டு, இன்று எடுக்க முடியாமல் நிற்கிறது.

மலையடிவாரத்தில் தண்ணீர் இன்னும் தெளிவாக ஓடும் இடங்களில் தாய் மீன்கள் இருந்தால், புதுவெள்ளத்தில் அவையே உங்கள் பக்கம் இறங்கி வரும், சினையோடு திரும்ப மேலே ஏறும். நடுவில் தடுப்பணை இருந்தால், அதன் கீழ்ப்பக்கம் கற்களைச் சரிவாக அடுக்கி மீன் ஏற வழி செய்யச் சொல்லி ஊராட்சியில் கேளுங்கள். புதுவெள்ளம் வரும் அந்த வாரங்களில் வலை போடாதீர்கள், பிளீச்சிங் பவுடர் போட்டுப் பிடிக்க வருகிறவர்களையும் விடாதீர்கள். சினையோடு ஏறுகிற மீன் அது.