12 முட்டை வைத்து 4 குஞ்சுதான் பொரித்தது: கோழியை மாற்ற வேண்டுமா?

கேள்வி: எங்கள் அடைக்கோழிக்கு 12 முட்டை வைத்தோம், 4 குஞ்சுதான் பொரித்தது. மிச்சத்தை உடைத்துப் பார்த்ததில் 3 கூமுட்டை, 5 முட்டையில் குஞ்சு முழுசாக வளர்ந்து உள்ளேயே செத்திருந்தது. அதில் ஒன்று ஓட்டில் ஓட்டை போட்டும் வெளியே வராததால் நாங்களே உரித்தோம், ரத்தம் கசிந்து இறந்துவிட்டது. முட்டைகளை இரண்டு வாரத்துக்கு மேல் சேர்த்து வைத்திருந்தோம். மற்ற கோழிகள் முட்டையிடும் கூடையிலேயே அடை வைத்தோம். பிழைத்த நாலில் 2 குஞ்சு நாலாவது வாரத்தில் ரத்தமாகக் கழிந்து செத்தன. கோழி சரியில்லையா?

பதில்: கோழியை மாற்றாதீர்கள், 21 நாள் அடையில் உட்கார்ந்த கோழி அது. பொரிக்காத முட்டையை உடைத்துப் பார்த்தீர்களே, அதுதான் நல்ல காரியம். பலரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு குப்பைக்குழியில் வீசிவிடுவார்கள். எந்த நாளில் கோளாறு வந்தது என்பதை அந்த முட்டையைத் தவிர வேறு யாரும் சொல்ல மாட்டார்கள்.

முதலில் அந்த 3 கூமுட்டை. சேவல் மிதிக்காத முட்டையாக இருக்கலாம், அல்லது கரு ஆரம்பத்திலேயே செத்திருக்கலாம். 8, 10 பெட்டைக்கு ஒரு சேவல் இருந்தால் சேவல் மேல் குறை சொல்ல முடியாது. அடுத்த தடவை ஏழாம் நாள் இரவில் முட்டையை எடுத்து, அகன்ற முனையில் டார்ச்சை ஒட்டி வைத்துப் பாருங்கள். உயிருள்ள கரு என்றால் நடுவில் ஒரு கரும்புள்ளியும் அதிலிருந்து சிலந்தி வலை மாதிரி சிவப்பு நரம்புகளும் தெரியும். ஒன்றுமில்லாமல் பளிச்சென்று இருந்தால் அது வெறும் முட்டை. நரம்பு இல்லாமல் சிவப்பாக ஒரு வளையம் மட்டும் தெரிந்தால், கரு பிடித்து முதல் வாரத்திலேயே செத்துவிட்டது. இரண்டையும் அன்றைக்கே எடுத்துவிடுங்கள், உள்ளே அழுகி வெடித்தால் மற்ற முட்டைகளும் கெடும்.

எனக்கு உறுத்துவது அந்த 5 முட்டைதான். இரண்டு வாரத்துக்கு மேல் சேர்த்தோம் என்கிறீர்கள், விஷயம் அங்கேயே இருக்கிறது. இட்ட ஏழு நாளுக்குள் அடை வைத்தால் நல்லது, பத்து நாளைத் தாண்டினால் பொரிப்பது குறையும். இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை: பழைய முட்டை பொரிக்கவும் தாமதமாகும், ஒரு நாள் கூடுதலாக வைத்திருந்தால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். புது முட்டையும் இரண்டு வாரத்து முட்டையும் ஒரே கூடையில் இருந்தால் புதுசு முதலில் பொரிக்கும், கீச்கீச்சென்று குஞ்சுகள் வெளியே ஓடத் தொடங்கியதும் தாய்க்கோழி பின்னாலேயே எழும்பிப் போய்விடும், மிச்ச முட்டைகள் கடைசி நேரத்தில் சூடு இல்லாமல் ஆறிப்போகும். உங்கள் வீட்டிலும் அநேகமாக இப்படித்தான் நடந்திருக்கும். அதோடு பொதுக் கூடை வேறு. முட்டையிட வரும் கோழி இதன் மேல் ஏறி மிதித்துத் தள்ளும், அடைக்கோழி சண்டைபோட்டு எழும்பும், ஆறின முட்டையில் மறுபடி உட்காரும்.

அதனால் அடைக்கோழிக்கு இருட்டான மூலையில் தனிக்கூடை. அடியில் மண், மேலே வைக்கோல். கோழி அகலத்துக்கு ஏற்ப 10, 12 முட்டை போதும், இறக்கைக்கு வெளியே ஒன்றுகூடத் தெரியக் கூடாது. முட்டையைக் கழுவாதீர்கள், மேல் பூச்சு போனால் கிருமி உள்ளே போகும். தினமும் ஒரு தடவை எழும்பித் தின்று, தண்ணீர் குடித்து, நாற்றமடிக்க ஒரு பெரிய எச்சம் போட்டுவிட்டு 15, 20 நிமிடத்தில் திரும்பிவிடும், அது சரி. நேரமாகியும் திரும்பாமல் கூடைப் பக்கம் போகவே தயங்கினால் இரவில் டார்ச் அடித்துக் கூடையின் இடுக்கைப் பாருங்கள். மிளகாய் விதையைவிடச் சின்னதாகச் சிவப்புப் புள்ளிகள் ஊர்ந்தால் அது ரத்தம் குடிக்கும் உண்ணி, வைக்கோலை எரித்துவிட்டுக் கூடையை மாற்றுங்கள்.

ஓட்டை போட்ட குஞ்சு வெளியே வர ஒரு நாள் முழுக்க ஆகலாம். அந்த நேரத்தில்தான் ஓட்டின் உள்சவ்வில் ஓடும் ரத்தம் உடம்புக்குள் வற்றும், மஞ்சள் கருவும் வயிற்றுக்குள் இழுபடும். நடுவில் உரித்தால் ரத்தம் கொட்டும், உங்களுக்கு நடந்தது அதுதான். கை பரபரக்கும், தெரியும், ஆனாலும் தொடாதீர்கள். அந்த மஞ்சள் கரு உள்ளே இருப்பதால் பொரித்த குஞ்சு இரண்டு நாள் தீனி இல்லாமலும் தாங்கும், அவசரமே இல்லை.

அப்புறம் ரத்தக் கழிச்சல். எச்சத்தில் வரும் ஒரு நுண்ணுயிரியால் வருவது, ஈரமும் இளஞ்சூடும் கிடைத்தால் ஓரிரு நாளில் அடுத்த குஞ்சுக்குத் தொற்றத் தயாராகிவிடும். பெரும்பாலும் 3 முதல் 6 வாரக் குஞ்சுகளைப் பிடிக்கும். மருந்துக்கு முன்னால் தண்ணீர்த் தட்டைப் பாருங்கள். தரையோடு வைத்த தட்டில் குஞ்சு காலை விட்டுச் சுற்றிலும் சேறாக்கும், அந்தச் சேற்றையே கொத்தும். தட்டைக் குஞ்சின் முதுகு உயரத்துக்கு ஒரு செங்கல் மேல் வையுங்கள், முதல் வாரக் குஞ்சு விழுந்து சாகாமல் இருக்க உள்ளே நாலு கூழாங்கல் போடுங்கள், நனைந்த இடத்து உமியை அன்றே அள்ளுங்கள். மிச்சமுள்ள இரண்டும் இறகு சிலிர்த்துக் கண் மூடி ஒதுங்கி நின்றால் ஆம்ப்ரோலியம் மருந்தைக் கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில் தண்ணீரில் கலந்து கொடுங்கள், அந்த நாட்களில் வேறு தண்ணீர் எதுவும் எட்டக் கூடாது.

வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) என்பது வேறு நோய், அதற்குத் தடுப்பு மருந்து போட்டதாக நீங்கள் எழுதவில்லை. ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நாலாவது வாரத்தில் மறுபடி ஒரு சொட்டு. உங்கள் குஞ்சுகள் அந்த வயதில்தான் இருக்கின்றன, ஆனால் நோயில் சோர்ந்த குஞ்சுக்குப் போடக் கூடாது. ரத்தக் கழிச்சல் நின்று நன்றாகத் தீனி எடுக்க ஆரம்பித்ததும் போட்டுவிடுங்கள்.