வாசகர் கேள்வி – பதில்: மின்தடை எங்கே ஒளிந்திருக்கிறது?

கேள்வி: 230 வோல்ட், 60 வாட் குண்டு பல்பின் மின்தடையைக் கணக்குப் போட்டால் (230-ஐ 230-ஆல் பெருக்கி, 60-ஆல் வகுத்தால்) 882 ஓம் வருகிறது. மல்டிமீட்டரில் 65 ஓம்தான் காட்டுகிறது. கணக்கு தப்பா, மீட்டர் தப்பா?

பதில்: இரண்டுமே சரி. நீங்கள் அளந்தது அணைந்திருக்கும் பல்பை. கணக்குப் போட்டது எரிகிற பல்புக்கு. எரியும்போது டங்ஸ்டன் இழையின் வெப்பநிலை சுமார் 2,500 டிகிரி செல்சியஸ். உலோகம் சூடேற ஏற அணுக்களின் அதிர்வு கூடி, எலெக்ட்ரான்கள் அடிக்கடி முட்டித் தடுமாறுகின்றன, தடையும் ஏறுகிறது. உங்கள் பல்பில் ஏறத்தாழ பதின்மூன்றரை மடங்கு ஏறியிருக்கிறது. மல்டிமீட்டர் அனுப்பும் மின்னோட்டமோ இழையை வெதுவெதுப்பாக்கக்கூடப் போதாது.

சுவிட்சைப் போட்ட கணத்தில் சுமார் 3.5 ஆம்பியர் பாய்ந்து, இழை சூடானதும் 0.26 ஆம்பியருக்கு இறங்கிவிடும். பழைய பல்பு பெரும்பாலும் போடும்போதே 'டப்'பென்று போவது இதனால்தான். இழையில் தேய்ந்து மெலிந்த இடம் மற்ற இடங்களை முந்திக்கொண்டு சூடாகி உருகிவிடுகிறது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு 1,000 வாட் ஹீட்டரையும் அளந்து பாருங்கள். கணக்கு 53 ஓம். மீட்டரும் 50-ஐ ஒட்டியே காட்டும். ஹீட்டருக்குள் இருக்கும் நைக்ரோம் என்ற கலப்புலோகக் கம்பியின் தடை சூட்டில் பத்து சதவீதம்கூட மாறாது. வோல்ட் ஏறும் விகிதத்திலேயே மின்னோட்டமும் ஏறும் என்கிற ஓம் விதியைச் சொல்லும்போது 'வெப்பநிலை மாறாதிருந்தால்' என்று ஒரு வால் ஒட்டுவார்களே, தேர்வில் பலரும் எழுத மறக்கும் அந்த வால்தான் உங்கள் கேள்விக்கு விடை.

கேள்வி: எலெக்ட்ரான்கள் கம்பிக்குள் ஒளியின் வேகத்தில் ஓடுகின்றனவா?

பதில்: இல்லை. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 10 ஆம்பியர் பாயும்போது எலெக்ட்ரான்கள் மொத்தமாக நகரும் வேகம் விநாடிக்கு அரை மில்லிமீட்டர். எறும்பு ஜெயித்துவிடும். வேகமாகப் பரவுவது மின்புலம். அது வந்ததும் கம்பியில் ஏற்கெனவே இருக்கும் எலெக்ட்ரான்கள் அங்கங்கே நகரத் தொடங்குகின்றன. வீட்டுக்கு வரும் மாறுதிசை மின்னோட்டத்தில் அந்த நகர்வும் சில மைக்ரோமீட்டர் ஊசலாட்டம்தான்.

கேள்வி: 10 ஆம்பியர் ஹீட்டரின் பிளக் கருகி, சாக்கெட் உருகிவிட்டது. ஒயர் மட்டும் சூடாகவே இல்லை. பிரேக்கரும் விழவில்லை. ஏன்?

பதில்: எங்கே தடை குவிகிறதோ அங்கேதான் வெப்பமும் குவியும். மின்னோட்டத்தை அதே எண்ணால் பெருக்கி, தடையாலும் பெருக்கினால் வெப்பத்தின் அளவு வாட்டில் வரும். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியின் தடை மீட்டருக்கு சுமார் 0.012 ஓம். ஆக 10 ஆம்பியருக்கு ஒரு மீட்டர் நீளத்தில் 1.2 வாட், அது காற்றோடு போய்விடும். பிளக்கின் முள்ளும் சாக்கெட்டின் தகடும் சரியாகக் கவ்வாமல் 0.3 ஓம் தடை உண்டானால், பட்டாணி அளவு இடத்தில் 30 வாட். சாலிடர் இரும்பின் சூடு அது.

பிரேக்கர் பார்ப்பது மின்னோட்டம் கூடுகிறதா என்று மட்டுமே. உங்கள் ஹீட்டரின் தடை 23 ஓம், அதோடு 0.3 ஓம் தொடராகச் சேர்ந்தால் மின்னோட்டம் லேசாகக் குறையத்தான் செய்யும். பிறகு எதற்கு விழும்? லூஸ் கான்டாக்டின் ஆபத்தே இதுதான். சூட்டில் தகட்டின் வில்விசை தளரும், மேலே ஆக்சைடு படியும், தடை இன்னும் கூடும், சூடும் கூடும்.

மெயினை அணைத்துவிட்டு பிளக்கையும் சாக்கெட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். கருகிய முள்ளைப் புது சாக்கெட்டில் செருகினால் அதுவும் கெடும். பல இழைக் கம்பியின் நுனியில் ஈயம் பற்றவைத்துத் திருகாதீர்கள். ஈயம் மெத்தென்று இருப்பதால் திருகின் அழுத்தத்தில் நாளடைவில் நசுங்கி, பிடி தளர்ந்துவிடும். இழைகளை முறுக்கி, திருகின் அடியில் பிளாஸ்டிக் உறை சிக்காமல் இறுக்குங்கள். கால் மணி நேரம் ஓட்டி, அணைத்து, பிளக்கைக் கழற்றித் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை, கை வைக்க முடியாவிட்டால் மறுபடி பாருங்கள்.

கேள்வி: பழைய 1.5 வோல்ட் செல் மீட்டரில் 1.40 வோல்ட் காட்டுகிறது. டார்ச் எரியவில்லை. கடிகாரத்தில் போட்டால் ஓடுகிறது!

பதில்: செல்லுக்குள்ளும் ஒரு தடை உண்டு, உள்தடை என்பார்கள். புது அல்கலைன் செல்லில் ஓமில் கால் பங்கு அளவில் இருப்பது, தீரத் தீர சில ஓம்களாக ஏறும். வோல்ட் மீட்டரும் கடிகாரமும் மிகச் சொற்பமாகவே இழுப்பதால் அது வெளியே தெரியாது. டார்ச் கேட்கும்போது தெரிந்துவிடும்.

10 ஓம், அரை வாட் ரெசிஸ்டர் ஒன்றைச் செல்லின் இரு முனைகளிலும் வைத்து, இரண்டு மூன்று விநாடிக்குள் வோல்ட்டைப் பாருங்கள். 1.40 இருந்தது 0.93 ஆனால், விழுந்தது 0.47 வோல்ட், பாய்ந்தது 0.093 ஆம்பியர், வகுத்தால் உள்தடை 5 ஓம். அந்தச் செல்லைக் கடிகாரத்துக்கே விட்டுவிடலாம். ஒன்று மட்டும் கூடாது: மீட்டரை ஆம்பியரில் வைத்து நேரடியாகச் செல்லில் தொடுவது. அது ஷார்ட் சர்க்யூட். லித்தியம் செல் என்றால் தீப்பிடிக்கவும் கூடும்.

கேள்வி: ஆணியில் 30 சுற்று எனாமல் கம்பி சுற்றினேன். ஒரு குண்டூசிதான் ஒட்டுகிறது. செல்லைக் கழற்றினாலும் அது விழுவதில்லை.

பதில்: முதலில் கம்பியின் இரு நுனிகளையும் உப்புத்தாளால் செம்பு பளிச்சிடும்வரை தேய்த்தீர்களா? எனாமல் மின்சாரம் கடத்தாத பூச்சு, கண்ணுக்கும் செம்பு நிறமாகவே தெரிவதால் பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

அடுத்து, காந்த வலு சுற்றுகளை ஆம்பியரால் பெருக்கி வருவது. 0.5 மில்லிமீட்டர் கம்பி, 6 மில்லிமீட்டர் ஆணி, 1.5 வோல்ட் செல்லின் உள்தடை 0.2 ஓம் என்று வைத்தால், 30 சுற்றுக்குப் பெருக்குத்தொகை சுமார் 180, 100 சுற்றுக்கு 400, 300 சுற்றுக்கு 560. சுற்று மும்மடங்கானாலும் வலு அப்படி ஏறாததைக் கவனியுங்கள். கம்பி நீள நீள அதன் தடையும் நீள்கிறது. 150 முதல் 200 சுற்று நல்ல அளவு. அடுக்குகள் எல்லாம் ஒரே சுழல் திசையில் போகவேண்டும். நடுவே எதிராகச் சுற்றினால் ஒன்றை ஒன்று அழித்துவிடும். பத்து விநாடிக்கு மேல் இணைத்து வைக்க வேண்டாம், செல் கொதிக்கும்.

ஊசி விழாததற்குக் காரணம் எஃகு. ஆணியும் ஊசியும் வாங்கிய காந்தத்தைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்கின்றன. சுற்றுவதற்கு முன் ஆணியைச் செஞ்சூடாக்கிச் சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிட்டால் இந்தப் பிடிவாதம் குறையும்.

கேள்வி: டென்மார்க் விஞ்ஞானி ஆர்ஸ்டெட் 1820-இல் செய்ததுபோல் திசைகாட்டியின் மேல் கம்பியை வைத்து 2 ஆம்பியர் செலுத்தினேன். ஊசி அசையவில்லை.

பதில்: கம்பியைக் கிழக்கு மேற்காக வைத்திருப்பீர்கள். அப்போது கம்பியின் காந்தப்புலமும் வடக்கு தெற்காகவே அமைவதால் ஊசியைப் பக்கவாட்டில் திருப்ப எதுவும் இல்லை. கம்பியை ஊசிக்கு இணையாக, 1 சென்டிமீட்டர் உயரத்தில் பிடியுங்கள். 2 ஆம்பியருக்கு அங்கே 40 மைக்ரோடெஸ்லா (காந்தப்புலத்தின் அலகு) வரும். உங்கள் இடத்தில் பூமியின் கிடைமட்டப் புலமும் அதே அளவானால் ஊசி 45 டிகிரி திரும்பும். செல்லைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டால் மறுபக்கம் திரும்பும்.