மாடித்தோட்டம்: விதை பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள்

ஆடி நெருங்குகிறது. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மாடித்தோட்டம் பற்றியவை என்பதால் இந்த முறை அவற்றுக்கு மட்டும் பதில்.

கேள்வி: ‘ஆண்டு முழுவதும் காய்கறி’ என்று 45 வகை விதைகளை 399 ரூபாய்க்கு இணையத்தில் வாங்கினேன். சித்திரையில் எல்லாவற்றையும் விதைத்தேன். வெண்டையும் கீரையும் வந்தன. காலிஃபிளவர், கேரட், பீட்ரூட் தேறவில்லை. தக்காளி பத்துக்கு இரண்டுதான் முளைத்தது. விற்றவர் “உங்கள் மண் சரியில்லை” என்கிறார். (ஆவடி வாசகி)

பதில்: தக்காளி விஷயத்தில் நீங்கள் ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள் அம்மா. சான்று பெற்ற தக்காளி, கத்தரி விதை என்றால் நூற்றுக்கு 70 முளைக்க வேண்டும், மிளகாய் 60. பத்துக்கு இரண்டு முளைத்தால் அது பழைய விதையாகவோ வெயிலில் கிடந்த விதையாகவோ இருக்கும். மீதி இருந்தால் இருபது விதையை எண்ணி ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். எட்டு, பத்து நாளில் எண்ணினால் மண் மீது பழி போட அவருக்கு வழியிருக்காது.

காலிஃபிளவரும் கேரட்டும் வேறு கதை. சமவெளியில் அவற்றைப் புரட்டாசி, ஐப்பசியில் விதைத்தால்தான் மார்கழி, தைக் குளிரில் தேறும். சித்திரை வெயிலுக்குத் தாங்குபவை வெண்டை, கொத்தவரை, கீரை. கத்தரி, மிளகாய், புடலை, பாகலுக்கு ஆடிப்பட்டம், தைப்பட்டம். நாட்டுக் கொடி அவரையை எப்போது ஊன்றினாலும் பகல் சுருங்கும் பனிக்காலத்தில்தான் பூக்கும். ஆண்டு முழுவதும் காய்ப்பது என்றால் ஒரே செடி காய்ப்பதில்லை. ஒரு தொட்டி காலியாகும்போது அந்தப் பட்டத்துக்குரிய விதையை அதில் போடுகிறோம், அவ்வளவுதான். இதை மறைத்து 45 வகையை ஒரே உறையில் போட்டு விற்பதுதான் எனக்குப் பல வருடமாக ஆறாத கோபம். வாங்குகிறவர் முதல்முறை தோட்டம் போடுகிறவர். செடி வராவிட்டால் ‘எனக்குக் கைராசி இல்லை’ என்று ஒதுங்கிவிடுவார், புகார் செய்ய மாட்டார் என்பது விற்பவருக்குத் தெரியும்.

விதை பாக்கெட்டின் பின்பக்கத்தில் ரகத்தின் பெயர், முளைப்புத் திறன், பரிசோதனை செய்த தேதி, காலாவதி தேதி இருக்க வேண்டும். வெறும் ‘தக்காளி’ என்று எழுதிய ஜிப் கவரில் இதில் ஒன்றுகூட இருக்காது. விதை விற்க உரிமம் வேண்டும். உரிமம் இல்லாதவரைப் பற்றி விதை ஆய்வாளரிடம் புகார் கொடுக்கலாம். “எல்லா விதையையும் போட்டுவிட்டேனே, சோதனைக்கு எதைக் கொடுப்பது” என்றும் தயங்க வேண்டாம். தேசிய விதைக் கழகம் தொடர்பான வழக்கில் 2012-ல் உச்ச நீதிமன்றம், விவசாயி சோதனைக்கென்று விதையை எடுத்து வைத்திருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது என்று சொல்லி, விதைப் புகாரோடு அவர் நுகர்வோர் மன்றத்துக்கு வரலாம் என்றது. உறையையும் ரசீதையும் மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: நீல நிற ஸ்ட்ராபெரி விதை 100 எண்ணம் 149 ரூபாய். வாங்கலாமா? (சேலம்)

பதில்: அப்படி ஒரு பழம் கிடையாது. படத்தில் நிறத்தை மாற்றியிருக்கிறார்கள்.

கேள்வி: ‘ஒட்டு மாங்கன்று, இரண்டாம் வருடம் காய்க்கும்’ என்று தள்ளுவண்டியில் 250 ரூபாய்க்கு வாங்கினேன். மூன்று வருடமாகியும் பூக்கவில்லை. (திருநகர், மதுரை)

பதில்: இதே அடியை நானும் வாங்கியிருக்கிறேன். தண்டில் பாலிதீன் நாடா சுற்றியிருந்தது, அதைப் பார்த்தே நம்பிவிட்டேன். நான்கு வருடம் பெரிய டிரம்மில் தண்ணீர் ஊற்றி வளர்த்த பிறகு, விவரம் தெரிந்த ஒரு தோட்டக்காரர் பார்த்து, “இது கொட்டையில் முளைத்த கன்று சார், நாடா சும்மா சுற்றியது” என்றார். அன்று மனசு விட்டுப்போனது. பணத்தைவிட அந்த நான்கு வருடம்தான் வலித்தது.

ஒட்டுக் கன்று என்றால் கொட்டையில் முளைத்த வேர்ச்செடியின் தண்டோடு நல்ல ரக மரத்தின் தண்டை ஒட்ட வைத்தது. உண்மையான ஒட்டுக் கன்றில் நாடாவை விலக்கினால் இந்த இரண்டு தண்டும் சேர்ந்த தழும்பு தெரியும். மேலும் கீழும் பட்டையின் நிறமோ பருமனோ பெரும்பாலும் மாறியிருக்கும். பிரித்துக் காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் நகர்ந்துவிடுங்கள். உங்கள் கன்றில் தழும்பு இருக்கிறதா, அதற்குக் கீழே இருந்து துளிர் கிளம்பியிருக்கிறதா என்று பாருங்கள். கீழ்த் துளிரை வளரவிட்டால் ஒட்டு செத்துப்போய் வேர்ச்செடிதான் மரமாக நிற்கும். அடுத்த முறை அரசு தோட்டக்கலைப் பண்ணையில் ரசீதோடு வாங்குங்கள்.

கேள்வி: கோகோபீட் கட்டியை ஊறவைத்து அப்படியே பையில் நிரப்பினேன். நாற்றுகளின் இலை நுனி கருகுகிறது. (திருப்பூர்)

பதில்: கோகோபீட் என்பது தேங்காய் நார்த்தூள், அதில் உப்பு இருக்கும். கழுவிய கட்டியா என்று கேட்டு வாங்க வேண்டும். நீங்கள் கேட்கவில்லை, கழுவவும் இல்லை. இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகு, மண்ணும் தொழுவுரமும் கலந்து நிரப்புங்கள். கோகோபீட்டில் மட்டும் நட்டால் செடிக்குச் சத்து கிடைக்காது.

கேள்வி: வாங்கிய ஐந்து பப்பாளிக் கன்றில் மூன்று சரம் சரமாகப் பூக்கிறது, காய்க்கவில்லை. எல்லாம் பெண் கன்று என்றுதான் நர்சரியில் கொடுத்தார்கள். (தஞ்சாவூர்)

பதில்: நீளக் காம்பில் சரமாகத் தொங்கினால் ஆண் மரம். கோ 2 மாதிரி ரகங்களில் ஆண், பெண் தனித்தனி. கன்றைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது, சொன்னவர் பொய் சொல்லியிருக்கிறார். ஒன்றை மகரந்தத்துக்கு விட்டு மற்ற இரண்டையும் எடுத்துவிடுங்கள். மாடியில் இடம் குறைவு என்றால் கோ 7 வாங்குங்கள். அதில் பெண் மரமும் இருபால் மரமும்தான் வரும், இரண்டுமே காய்க்கும்.

கேள்வி: க்ரோ பேக் (செடி வளர்க்கும் பை) எட்டே மாதத்தில் கிழிந்துவிட்டது. பில் இல்லை, கடை பெயரும் நினைவில்லை. என்ன செய்வது? (பெயர் இல்லை)

பதில்: ஒன்றும் செய்ய முடியாது. பில் கேட்டு வாங்கச் சொல்லி எத்தனை முறை எழுதுவது?

கேள்வி: மாடித்தோட்டம் அமைத்து ஒரு வருடம் பராமரித்தும் தருவதாக 18,000 ரூபாய் முன்பணம் வாங்கினார்கள். பத்துப் பை வைத்துவிட்டுப் போனவர்கள் இப்போது போனை எடுப்பதில்லை. ஓய்வூதியத்தில் இருந்து கொடுத்த பணம். (நாகர்கோவில்)

பதில்: மனதைத் தளரவிடாதீர்கள் ஐயா, இந்தப் பணத்தைக் கேட்க உங்களுக்கு வழி இருக்கிறது. பணம் அனுப்பிய விவரம், வாட்ஸ்அப் பேச்சு, பைகளின் படம் எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேருங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அப்புறம் பதினைந்து நாள் கெடு வைத்துப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம். பதில் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், அவர்கள் ஊருக்கு அலைய வேண்டாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கடிதத்தை எழுதியதும் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன்.