நிறம் வெளிறியிருந்தால் ஒயின் மட்டமா?

கேள்வி: நண்பர் பிரான்சிலிருந்து 2012-ஆம் ஆண்டு ஜெவ்ரே-ஷாம்பெர்தான் சிவப்பு ஒயின் இரண்டு பாட்டில் கொண்டுவந்தார். ஒன்றைத் திறந்து, 32 டிகிரி வெயில் நாளில் அப்படியே ஊற்றினோம். நிறம் வெளிறி, ஓரம் செங்கல் நிறமாக இருந்தது; சாராய நெடிதான் தூக்கலாக அடித்தது. கெட்டுவிட்டதா? இன்னொன்றை எப்படிக் குடிப்பது?

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கெட்டதாகத் தெரியவில்லை. இது பிரான்சின் பர்கண்டி பகுதி ஒயின்; சிவப்பு பர்கண்டி பினோ நுவார் என்ற திராட்சையில் செய்வது. சிவப்பு ஒயினுக்கு நிறம் கொடுப்பது திராட்சைத் தோல். பினோ நுவாரின் தோலோ மெல்லியது; அதனால் நிறமும் வெளிறித்தான் இருக்கும். பத்து வருடம் தாண்டிய பாட்டிலில் ஓரம் செங்கல் நிறமாவது வயதின் அடையாளம். வினிகர் வாடையோ ஈர அட்டைப்பெட்டி வாடையோ வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

கோளாறு வெப்பத்தில். ‘அறை வெப்பத்தில் பரிமாறுக’ என்பது குளிர்ந்த ஐரோப்பிய வீடுகளுக்குச் சொன்னது. இந்த ஒயினுக்கு 15 முதல் 17 டிகிரி போதும். அதற்கு மேல் போனால் ஆல்கஹால் முந்திக்கொண்டு மணத்தை அமுக்கிவிடும். ஃப்ரிட்ஜில் ஒன்றரை மணி நேரம் வைத்து எடுங்கள். முந்தின நாளே பாட்டிலை நிமிர்த்தி வைத்தால் கசடு அடியில் தங்கும், ஆடாமல் ஊற்றலாம். பழைய பர்கண்டியை வேறு குடுவைக்கு மாற்றிக் காற்றாட விடுவது எனக்குப் பிடிக்காது. மென்மையான மணம் அங்கேயே பாதி போய்விடும்.

வயிறு அகன்று வாய் குறுகிய கோப்பையில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றுங்கள். சுழற்றுமுன் ஒருமுறை முகருங்கள். பிறகு சுழற்றி முகருங்கள். முதலில் செர்ரி, ராஸ்ப்பெர்ரி. அடுத்து காளான், மழையில் நனைந்த சருகு, தோல்பை வாசனை. இந்தப் பின்வரிசை மணங்களுக்காகத்தான் இத்தனை வருடக் காத்திருப்பு. சின்ன மிடறு எடுத்து, வாயைச் சற்றே திறந்து காற்றை உறிஞ்சி, நாக்கு முழுக்கப் புரளவிடுங்கள். புளிப்பு துடிப்பாக இருக்கும். ஜெவ்ரே என்பதால் லேசான துவர்ப்பும் ஈறில் பிடிக்கும். விழுங்கியபின் சுவை எவ்வளவு நேரம் தங்குகிறது என்று கவனியுங்கள். நான் தரத்தை அளப்பது அதை வைத்துத்தான். அரை மணி கழித்து அதே கோப்பையை மறுபடி முகர்ந்தால் வேறு ஒயின் போலிருக்கும்.

லேபிளையும் பாருங்கள். ஜெவ்ரே என்ற ஊர் 1847-இல் தன் புகழ்பெற்ற ஷாம்பெர்தான் தோட்டத்தின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டது. எனவே ‘ஜெவ்ரே-ஷாம்பெர்தான்’ என்ற இரட்டைப் பெயர் மட்டும் இருந்தால் அது ஊர் ஒயின், அதாவது ஊரின் பொதுப் பெயரில் வருவது. ‘பிரமியே குரூ’ என்றிருந்தால் ஒரு படி மேல். ‘ஷாம்பெர்தான்’ என்று தனியாக நின்றால் கிராண்ட் குரூ, உச்சப் படி. தயாரிப்பாளர் பெயர் இவற்றைவிட முக்கியம். உதாரணமாக, பக்கத்திலுள்ள க்ளோ ட வூஜோ தோட்டம் சுமார் 50 ஹெக்டேர்தான்; உரிமையாளர்கள் எண்பது பேர் அளவில். தோட்டப் பெயர் ஒன்று, ஒயினோ ஆளுக்கொரு மாதிரி.

முதல் கோப்பையைத் தனியாகக் குடியுங்கள். பிறகு காளான் சேர்த்த கோழி நன்றாகப் பொருந்தும். மிளகாய்க் காரம் மட்டும் அன்று வேண்டாம்.